புண்ணை ஆற்ற ஒளி உதவுமா?

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

"ஒளியினால் கிருமிகளைக் கொல்லும் நானோ மருந்து வந்திருக்கிறதாமே, அதற்கென்று காணிக்கை அனுப்பலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் காணிக்கைக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய நாங்கள், அறிந்ததை உள்ளபடி எழுதுகிறோம்.

சர்க்கரை வியாதியாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்ச்சி இழந்தவர், முள் குத்தியதை அறியாமலே நடப்பார். பலர் சீழ் வைத்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். முன்பு ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்கிய கிருமிகள் பல இன்று அடங்குவதில்லை. அவை பிசின் போன்ற படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கியும் கொள்கின்றன. முடிவில் காலையே எடுக்க நேரிடுகிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மரித்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவேதான் வேறு வழி தேடுகிறார்கள்.

ஒளியால் வைத்தியம் செய்வது புதிதல்ல. டென்மார்க்கின் டாக்டர் நீல்ஸ் ஃபின்சன் தோலில் வரும் காசநோய்க்கு ஒளி சிகிச்சை அளித்து, 1903-இல் நோபல் பரிசு பெற்றார். அதற்குமுன் 1900-இல், ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். அக்ரிடின் என்ற சாயம் சிறிதளவு கலந்த நீரிலிருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் விரைவில் மடிந்தன. இருட்டில் நெடுநேரம் பிழைத்திருந்தன. சாயமும் ஒளியும் சேர்ந்தபோதே அந்த வலிமை உண்டாயிற்று.

காரணம் இதுதான். சாயம் ஒளியை உட்கொண்டு, அதன் ஆற்றலை அருகிலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுக்கிறது. வீரியமடைந்த அந்தப் பிராணவாயு கிருமியின் மேலுறை, புரதம், மரபுப்பொருள் ஆகிய யாவற்றையும் தாக்குகிறது. ஆண்டிபயாடிக் மருந்து பெரும்பாலும் ஓரிடத்தையே தாக்கும். ஒரு வாசலில் வரும் திருடனைத் தடுக்க ஒரு பூட்டு போதும். நாலு பக்கமும் தீப்பிடித்தால் பூட்டு என்ன செய்யும்? ஆகவே இதை எதிர்த்து நிற்கக் கிருமிகள் பழகுவது கடினம்.

ஆனால் அந்த வீரியம் நீரில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரமே நிலைக்கும். எனவே சாயம் கிருமியை ஒட்டியே இருக்க வேண்டும். நானோ துகள்கள் உதவுவது இங்கேதான். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை சிறிய துகளில் சாயத்தை ஏற்றி, அதற்கு நேர் மின்னூட்டம் கொடுத்தால், எதிர் மின்னூட்டமுள்ள கிருமியின் மேற்புறத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. தங்க நானோ துகள்களோ ஒளியை வெப்பமாக்கிக் கிருமியைச் சுடுகின்றன.

இதற்குக் குறைகளும் உண்டு. நானோ துகள் கலந்த கட்டுகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடத்திலுமே சோதிக்கப்படுகின்றன. நீல ஒளி தோலுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் செல்வது அரிது. எலும்பு வரை போன தொற்றை அது எட்டாது. விளக்கை அணைத்ததும் வேலை நின்றுவிடும். மீந்த கிருமிகள் மறுபடியும் பெருகலாம். துகள்கள் உடம்பில் தங்கினால் தீங்கு உண்டா என்பதையும் தீர ஆராய வேண்டும்.

ஓர் எச்சரிப்பு. மஞ்சளிலுள்ள குர்குமின் நீல ஒளியில் கிருமிகளைக் கொல்வதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் புண்ணில் மஞ்சள் பூசி வெயிலில் காட்ட வேண்டாம். சமையல் மஞ்சளில் வேறு கிருமிகள் இருக்கக்கூடும். உணர்ச்சியற்ற பாதம் வெயிலில் வெந்தாலும் தெரியாது.

ஆகவே இந்த விளக்குக்கென்று இப்போது நாங்கள் காணிக்கை கேட்கவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து அழுகிய தசையை நீக்குவது, சீழைச் சோதித்து ஏற்ற மருந்தைக் கண்டறிவது, தவறாமல் டிரஸ்ஸிங் செய்வது, பாரம் படாதபடி மாவுக்கட்டு போடுவது, எம்.சி.ஆர். செருப்பு கொடுப்பது ஆகிய இவைகளே இன்றும் கால்களைக் காப்பாற்றுகின்றன. உங்கள் காணிக்கை இவற்றுக்கே செலவாக வேண்டும் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. நல்ல சமாரியன் சிறந்த மருந்து வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கையிலிருந்ததைக் கொண்டு அன்றைக்கே காயங்கட்டினான்.

ஜெபக்குறிப்புகள்: ஆறாத புண்களோடு வருந்தும் சகோதர சகோதரிகளுக்காகவும், தினமும் அவர்களுக்குக் காயங்கட்டும் நர்சுகளுக்காகவும், புதிய வைத்தியம் தேடும் ஆய்வாளர்களுக்குக் கர்த்தர் ஞானம் தரும்படியாகவும் ஜெபியுங்கள். அந்த வைத்தியம் மனிதரிடத்தில் சோதிக்கப்பட்டு நிச்சயமாகும் நாளில், உங்களுக்கு மறுபடியும் எழுதுவோம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள்