பாடம் பிள்ளைக்கு... பரீட்சை பெற்றோருக்கு!

ஸ்கூல் திறந்தாச்சு. புது யூனிஃபார்ம், புதுப் பை, அட்டை போட்டு லேபிள் ஒட்டிய நோட்டு எல்லாம் வாங்கியாச்சு. சரி, ஒரு கேள்வி. உங்கள் வீட்டு வாண்டு இந்தப் பருவத்தில் வகுப்பில் என்ன படிக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

''தெரியாமலா? தமிழ்ல எழுத்து, கணக்குல கூட்டல் கழித்தல், இங்கிலீஷ்ல ரைம்ஸ்...'' என்பீர்கள். அவ்வளவுதானா? அறிவியல் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா?

தமிழ்நாட்டில் 2012-ல் முப்பருவ முறை வந்ததிலிருந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம். சின்ன வகுப்புகளில் இந்தப் பருவத்தில் படிக்கும் முக்கியமான பாடம், உடம்பு! கண், காது, மூக்கு, நாக்கு, தோல், பல் தேய்ப்பது, கை கழுவுவது என்று படம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் போனால் ஜீரண மண்டலம், சுவாச மண்டலம் வரை வந்துவிடுகிறது.

பிள்ளை அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். நாமும் 'குட்' சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவோம். ஆனால் அந்தப் பாடத்தில் வரும் கண்ணும் காதும் நம் பிள்ளைக்குச் சரியாக வேலை செய்கிறதா என்று யாராவது பார்க்கிறோமா? இல்லை என்பதுதான் என் அனுபவம்.

'ஒரு லேகியம் கொடுங்க டாக்டர்!'

ஜூலை பிறந்து முதல் மாதப் பரீட்சை மார்க் வந்ததும் என் கிளினிக்கில் ஒரு கூட்டம் சேரும். ''டாக்டர், பையன் படிப்புல ரொம்ப மந்தம். ஞாபக சக்திக்கு ஏதாவது லேகியம் கொடுங்க.''

எங்கள் சித்த மருத்துவத்தில் 'மாந்தம்' என்று ஒரு குழந்தை நோய் உண்டு. அது செரியாமையால் வயிற்றில் வருவது. மூளையில் வருவது அல்ல! பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அதன் உடம்பைப் பாருங்கள் என்பதுதான் என் முதல் மருந்து.

வல்லாரை, நீர்ப்பிரமி எல்லாம் நல்ல மூலிகைகள்தான். வாரம் ஒரு நாள் வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கரும்பலகையே தெரியாத பிள்ளைக்கு வல்லாரை என்ன செய்யும்?

அப்படி ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் வந்தான். வீட்டில் அவனுக்கு 'மக்கு' என்றே பேராகிவிட்டது. நான் நாடி பார்ப்பதற்கு முன்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் என்ன கிழமை என்று கேட்டேன். பையன் எழுந்து காலண்டர் பக்கத்தில் போனான்! அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. கண் டாக்டரிடம் அனுப்பினேன். கண்ணாடி போட்டார்கள். அடுத்த தடவை வந்தபோது அந்த அம்மா லேகியத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வகைத் தேர்வுகள் உண்டு. நாடி, தொடுவுணர்வு, நாக்கு, நிறம், பேச்சு, விழி, மலம், சிறுநீர். இதில் நாடியை எங்களிடம் விட்டுவிடுங்கள். மற்ற ஏழையும் ஒரு தாயால் வீட்டிலேயே ஓரளவு கவனிக்க முடியும். பிள்ளை பாடம் படிக்கும்போது கூடவே உட்கார்ந்து கவனியுங்கள். அதுதான் உங்களுக்குப் பரீட்சை!

கண்

டி.வி.க்குப் பக்கத்தில் போய் நிற்கிறதா? கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? தலையைச் சாய்த்து எழுதுகிறதா? சாயங்காலமானால் தலைவலி என்கிறதா? போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுவதாக டீச்சர் சொல்கிறாரா? உடனே கண் பரிசோதனை அவசியம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைவாக இருந்தால் பிள்ளைக்கே தெரியாது. நல்ல கண்ணை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். மங்கலான கண்ணை மூளை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும். இதைச் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் நல்ல பலன் கிடைக்கும். தள்ளிப்போடப் போட கஷ்டம். ஆகவே ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தூரத்து எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

''கண்ணாடி போட்டா பவர் ஏறிடுமே?'' என்று பயப்படாதீர்கள். ஏறாது. பொன்னாங்கண்ணிக் கீரை, முருங்கைக் கீரை, பப்பாளி, காரட் கண்ணுக்கு நல்ல உணவு. ஆனால் கண்ணாடிக்குப் பதிலாகக் கீரை ஆகாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், நம்புங்கள். கண்ணில் தேன், தாய்ப்பால், இலைச் சாறு எதையும் நீங்களாக விடவே கூடாது.

தினமும் வெயில் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. செல்போனை வாங்கி வைத்துவிட்டுப் பந்தைக் கையில் கொடுங்கள்.

காதும் மூக்கும்

கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிக்டேஷனில் தப்புத் தப்பாக எழுதுகிறது... 'திமிர்' என்று அடி போடுகிறோம். காது மந்தமாக இருந்தால்?

சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி பிடித்து, செவிப்பறைக்கு உள்ளே நீர் கோத்துக்கொள்வது சகஜம். வலி இருக்காது, சீழ் வராது. ஆனால் பேச்சு ஏதோ தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் கேட்காது. அதனால்தான் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குவது, குறட்டை விடுவது, மூக்கடைத்த மாதிரிப் பேசுவது இதெல்லாம் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

எண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்றுவது, ஹேர்பின்னால் குடைவது இரண்டும் வேண்டவே வேண்டாம்!

ஒரே ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அது சாதாரண ஜலதோஷம் அல்ல. உள்ளே பாசி மணியோ, ரப்பர் துண்டோ, கொண்டைக்கடலையோ போயிருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இது நடக்கக்கூடியதுதான். பொம்மையில் போடும் சின்ன வட்ட பாட்டரியாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது சதையை அரித்துவிடும்.

வாய்

பாடத்தில் 'தினமும் இரு வேளை பல் துலக்க வேண்டும்' என்று இருக்கிறது. பிள்ளை ராத்திரி பல் தேய்க்கிறதா? அதைவிட முக்கியம், நீங்கள் தேய்க்கிறீர்களா?

ஆறு வயதில் முன்பக்கப் பால் பல் விழுவது நமக்குத் தெரியும். அதே சமயம் வாயின் கடைசியில், பால் பற்களுக்குப் பின்னால், சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதுவும் பால் பல்தான் என்று நினைத்துவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்! சொத்தையானால் மறுபடி முளைக்காது. இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

வயிறு

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு சுடச்சுட. பசியோடு உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? காலை ஏழரைக்கு வேன். பிள்ளை எழுந்திருப்பதே ஏழு மணிக்கு. ஏதோ பவுடர் கலந்த பாலில் அரை டம்ளர், பாதி பிஸ்கட். அப்புறம் மத்தியானம் வரை பட்டினிதான்! வசதி இருந்தும் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருவது நம் பிள்ளைகள்தான். இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ, ஒரு முட்டையோ உள்ளே போகாமல் செருப்பு மாட்ட விடாதீர்கள். அதற்கு ராத்திரி ஒன்பதுக்குள் படுக்க வைக்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது தேவை.

''டாக்டர், சிலேட்டுக் குச்சியைத் தின்னுது, சுவத்தைச் சுரண்டித் தின்னுது'' என்று சொல்வார்கள். அடிக்காதீர்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்லுங்கள். வெளிறியிருந்தால் ரத்தம் குறைவு. எங்கள் வைத்தியத்தில் இதை வெளுப்பு நோய் என்போம். ஐந்திலிருந்து பதினொரு வயது வரை ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சோர்வு, கவனக் குறைவு, எரிச்சல் எல்லாம் அதனால் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பேரீச்சை, ஈரல், கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சம் பழம் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி மட்டும் கூடாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதையும் விடாதீர்கள்.

ரத்தம் குறைவதற்குக் குடல் புழுவும் ஒரு காரணம். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. பிப்ரவரி, ஆகஸ்டில் பள்ளியில் மாத்திரை கொடுப்பார்கள். ''என் பிள்ளைக்கு வேண்டாம்'' என்று லீவு போடாதீர்கள். சுண்டைவற்றல், வேப்பம்பூ ரசம், பாகற்காய் எல்லாம் உணவில் இருக்கட்டும். முருக்கன் விதை போன்ற சித்த மருந்துகளை வைத்தியர் அளவு பார்த்துத்தான் தர வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

மலமும் சிறுநீரும் வெட்கப்படுகிற விஷயமல்ல. ஸ்கூல் பாத்ரூமுக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் ஏராளம். கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதா? மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, வயிற்றுவலி எல்லாம் அங்கேதான் ஆரம்பம். கேரளத்தில் 2019-ல் சில பள்ளிகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கத் தொடங்கின. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்பதுபோல் கழிப்பறையையும் கேளுங்கள்.

மெய்

தோல் பாடத்தில்தான் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' பற்றியும் பேச்சு வருகிறது. சங்கடப்பட்டு அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். டீச்சர் ''வேண்டாம் என்று சொல்'' என்று கற்றுக் கொடுக்கிறார். வீட்டில் நாமோ, ''மாமா மடியில உட்காரு, முத்தம் குடு'' என்று கட்டாயப்படுத்துகிறோம். பிள்ளை எதை நம்பும்? ஒருவரிடம் போக மறுத்தால் விட்டுவிடுங்கள். பிறகு தனியாக, மிரட்டாமல் கேளுங்கள். தப்பு நடந்ததாகத் தெரிந்தால் மறைக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். மக்கு என்று ஒரு நிலை அதில் இல்லை. நம் வீட்டிலும் அந்த வார்த்தை வேண்டாமே!

வீட்டில் பத்து நிமிஷப் பரீட்சை

1. ஒவ்வொரு கண்ணாக மூடி, பத்தடி தூரத்தில் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள்.

2. பின்னால் நின்று, மெல்லிய குரலில் நாலு வார்த்தை சொல்லுங்கள். திருப்பிச் சொல்கிறதா?

3. தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, குறட்டை வருகிறதா?

4. கீழ் இமை, நாக்கு, நகம் வெளிறியிருக்கிறதா?

5. டார்ச் அடித்துக் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள்.

6. காலையில் என்ன சாப்பிட்டது, தண்ணீர் எவ்வளவு குடித்தது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

7. தினமும் மலம் கழிக்கிறதா? ராத்திரியில் ஆசனவாயைச் சொறிகிறதா?

8. ''இன்னிக்கு ஸ்கூல்ல உனக்குப் பிடிக்காதது என்ன நடந்துச்சு?'' என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.

இதில் எது சரியில்லை என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷம். அதற்கப்புறமும் மார்க் குறைந்தால் என்ன செய்வது? டீச்சரிடம் போய்ப் பேசுங்கள். லேகியத்துக்கு என்னிடம் வராதீர்கள்!