வெளியே வெயில்... உள்ளே சால்வை!

சென்னை வெயில் மண்டையைப் பிளக்கிறது. சில ஆபீஸ்களுக்குள் போனாலோ, குமாஸ்தாக்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். ஏ.சி. 18 டிகிரி!

"சார், குளிருது. கொஞ்சம் ஏத்துங்க" என்றால், "அந்தப் பக்கம் வேர்க்குதே, என்ன செய்ய?" என்கிறார் மானேஜர்.

அந்தப் பக்கம் என்பது மேற்குப் பக்கம். முழுக்கக் கண்ணாடி. சாயங்கால வெயில் நேரே மேஜையில் விழுகிறது. உள்ளே திரை போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூடு திரைக்குப் பயந்து திரும்பிப் போகுமா? வெளியிலேயே மறிக்க வேண்டும். மாலை வெயில் சாய்ந்து வருவதால் மேலே சன்ஷேடு மட்டும் போதாது. வெளிப்புறம் தட்டி வேண்டும். மரம் இருந்தால் ரொம்ப நல்லது.

1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையைக் கட்டியவர்கள் ஏ.சி.யை நம்பிக் கட்டவில்லை. தடித்த செங்கல் சுவர், உயர்ந்த கூரை.

ஏ.சி.யை ஒரு டிகிரி ஏற்றினால் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் கணக்கு. 18-ஐ 24 ஆக்கினால்? 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று விதியே வந்தது. அதை 18-க்கு இறக்குவது ரிமோட் வைத்திருக்கும் ஆள்தான். மேற்கே தட்டி கட்டாதவரை அவர் இறக்கிக்கொண்டுதான் இருப்பார்.