பழவேற்காட்டில் வீடு கட்டுறீங்களா? ஃபுட்டிங்கில் இதை கவனிங்க!

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மீனவ கிராமங்களில் மணல் தரைதான். பில்லர் குழி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதில் உப்பும் இருக்கலாம்.

ஃபுட்டிங் என்றால் என்ன? பில்லரின் பாரத்தை அகலமாகப் பரப்பி மண்ணுக்குக் கடத்தும் கான்கிரீட் மேடை.

உப்பு என்ன செய்யும்? அதிலுள்ள குளோரைடு கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு பருக்க, கான்கிரீட் வெடிக்கும்.

தீர்வு? ஐ.எஸ். 456 விதிப்படி ஃபுட்டிங் கம்பிக்கு கவர் குறைந்தது 50 மி.மீ. வேணும். கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடுதான் உச்சவரம்பு, கடல்நீரிலோ சுமார் 19,000. அதனால் குழியில் ஊறும் தண்ணீரை இறைச்சிடுங்க, கலவையில் ஊத்தாதீங்க. கம்பிக்கு அடியில் செங்கல் துண்டு வேண்டாம், கவர் பிளாக் வைங்க.

மண் மூடிய பிறகு எதையும் பார்க்க முடியாது. கான்கிரீட் போடும் முன்பே டேப் வச்சு அளந்துடுங்க.