டாம் போட்ட கூச்சல் யாருடையது?

பூனையின் வால் எலிப்பொறியில் மாட்டுகிறது. ஒரு கணம் அமைதி. அடுத்த கணம் வீடே அதிர ஓர் அலறல்! ‘டாம் அண்ட் ஜெர்ரி’ பார்த்து வளர்ந்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த அலறலை அப்படியே போட்டுக் காட்டுவார்கள். அது யாருடைய குரல் தெரியுமா? படத்தை இயக்கிய வில்லியம் ஹன்னாவின் குரல்! ஆமாம், இயக்குநரே மைக் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கத்தியதை அப்படியே படத்தில் சேர்த்துவிடவும் இல்லை. ஒலிநாடாவில் கூச்சல் கிளம்பும் இடத்தையும் அடங்கும் இடத்தையும் வெட்டிப் போட்டுவிட்டு, உச்சத்தில் இருக்கும் நடுத்துண்டை மட்டும் எடுத்து ஒட்டினார்கள். மனுஷத் தொண்டைக்குக் கூச்சலை ஏற்றவும் இறக்கவும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். டாமுக்கு அது கிடையாது. வாயைத் திறந்ததுமே உச்சம், மூடியதுமே நிசப்தம். அதனால்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்றும் வயிறு குலுங்கச் சிரிப்பு வருகிறது. ஜெர்ரி பயத்தில் ‘மடக்’கென்று எச்சில் விழுங்குமே, அதுவும் ஹன்னாதான்!

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் பார்த்த ஒவ்வொரு கார்ட்டூனையும் திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது: கண்ணால் பார்த்து ரசித்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கார்ட்டூன்களில் சரிபாதி, காதால் கேட்டவை.

ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940-இல் எம்ஜிஎம் நிறுவனத்தில் இந்தப் பூனை எலி விளையாட்டை ஆரம்பித்தார்கள். முதல் படத்தில் பூனைக்குப் பெயர் ஜாஸ்பர்! கதையும் படமும் பார்பெரா. எந்த அடி எந்த நொடியில் விழ வேண்டும் என்ற கணக்கு ஹன்னா. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்காட் பிராட்லி இசை எழுதுவார். டாம் பூனைநடை போட்டால் இசையும் பூனைநடை போடும். சினிமா நொடிக்கு 24 படம் ஓடும் அல்லவா? ஏழு நிமிடக் குறும்படம் என்றால் 10,080 படச்சட்டங்கள். கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, ஒவ்வொரு சட்டமாகக் கேமராவில் பிடித்தார்கள். இருவரும் சேர்ந்து இப்படி 114 படங்கள் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர் விருதுகள்!

அப்புறம் 1957-இல் இடி விழுந்தது. பழைய படங்களையே மறுபடி திரையிட்டாலும் காசு வருகிறது என்று கண்டுகொண்ட எம்ஜிஎம், கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடியது. ஏழு ஆஸ்கர் வாங்கித் தந்தவர்களுக்கு வேலை போயிற்று. இருவரும் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ தொடங்கித் தொலைக்காட்சியின் கதவைத் தட்டினார்கள். அங்கே கிடைத்தது, ஐந்து நிமிடப் படத்துக்குச் சுமார் 3,000 டாலர். எம்ஜிஎம்மில் ஒரு படத்துக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் செலவழித்துப் பழகிய கைகள்!

எனக்கு மிகமிகப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

அந்தப் புது ஸ்டூடியோவில் பிறந்த யோகி பியரை நினைத்துப் பாருங்கள். உடம்பில் துணியே கிடையாது. ஆனால் கழுத்தில் காலரும் டையும் மட்டும் உண்டு! காட்டில் வாழும் கரடிக்கு எதற்கு டை? ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோனோ கற்காலத்து ஆசாமி. விலங்குத்தோலை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு அலைகிறவருக்கும் டை. ஸ்கூபி டூவுக்குக் கழுத்துப்பட்டை. எல்லாம் அழகுக்கு என்றுதானே நினைத்திருந்தோம்? அந்த இடத்தில்தான் தலையையும் உடம்பையும் தனித்தனியாகப் பிரித்தார்கள்! உடம்பை ஒரே ஒரு முறை, கண்ணாடி போன்ற ‘செல்’ தாளில் வரைந்து அப்படியே கிடத்திவிடுவார்கள். அதன்மேல் தலையை மட்டும் வேறொரு தாளில் வைத்து ஆட்டுவார்கள். இரண்டும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் டை மறைத்துவிடும். யோகி ஒரு நிமிடம் வசனம் பேசினாலும் அவர் தொப்பை ஒரு மயிரிழை கூட அசையாது. அடுத்த முறை கவனியுங்கள், சத்தியமாக அசையாது!

தலையையும் முழுதாக வரைந்தார்களா என்றால், அதுவும் இல்லை. வாயை மட்டும் மாற்றினார்கள். உதடு மூடியது, லேசாகத் திறந்தது, அகலமாகத் திறந்தது, குவிந்தது என இப்படி ஆறே ஆறு அடிப்படை வாய் வடிவங்கள். எந்த வசனமானாலும் இந்த ஆறையும் மாற்றி மாற்றி வைத்தால் போதும். ஃபிரெட் பதறியடித்து வீட்டுக்குள் ஓடும்போது பின்னால் அதே ஜன்னல், அதே விளக்கு திரும்பத் திரும்ப வருமே, அது ஒரே நீளப் பின்னணிப் படத்தைச் சுற்றவிட்டது.

கை இப்படிக் கட்டப்பட்டபோது காது வந்து காப்பாற்றியது. ஃபிரெட் ஓட்டம் பிடிக்கும் முன் காற்றிலேயே கால்கள் சுழலும்போது வரும் ‘தடதடதட’ சத்தம் நினைவிருக்கிறதா? அது போங்கோ தாளம்! கால்களின் இடத்தில் ஒரு கலங்கலான வட்டத்தை வரைந்துவிட்டு மிச்சத்தைப் போங்கோவிடம் விட்டுவிட்டார்கள். யாராவது மலையிலிருந்து விழ வேண்டுமா? திரையை விட்டு வெளியே ஓடவிடுவார்கள். ‘டமால்’ என்று ஒரு சத்தம். கேமராவை லேசாக ஓர் உலுக்கு. அவ்வளவுதான்! விழுந்ததை யாரும் வரையவே இல்லை. ஆனால் அதைப் பார்த்ததாக நான் சத்தியம் செய்வேன், நீங்களும் செய்வீர்கள். ஒரு ஓவியரின் பல நாள் வேலையைச் சத்தம் ஒரு நொடியில் செய்து முடித்திருக்கிறது. ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ 1960 முதல் 1966 வரை 166 பகுதிகள் ஓடியது இந்த வித்தையால்தான். ‘மலிவு வேலை’ என்று இதை ஒதுக்குகிறவர்களோடு நான் சண்டைக்கே போவேன். கையில் காசில்லாதபோது பிறந்த சாமர்த்தியம் இது.

சரி, அமெரிக்காவில் அறுபதுகளில் ஓடியது தொண்ணூறுகளில் நம் வீட்டுக் கூடத்துக்கு எப்படி வந்தது? டெட் டர்னர் என்ற தொலைக்காட்சி முதலாளி எண்பதுகளில் எம்ஜிஎம்மின் பழைய படக் களஞ்சியத்தை வாங்கினார். 1991-இல் ஹன்னா பார்பெரா களஞ்சியமும் அவர் கைக்கு வந்தது. இவ்வளவையும் ஓட்ட ஓர் அலைவரிசை வேண்டுமே! 1992-இல் கார்ட்டூன் நெட்வொர்க் பிறந்தது. 1995-இல் இந்தியா வந்தது. கொஞ்ச நேரம் கார்ட்டூன், மீதி நேரம் டி.என்.டி.யின் பழைய ஆங்கிலப் படங்கள் என்று ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கேபிள் இணைப்பு இருந்த வீடுகளில் நம் தாத்தா காலத்து டாமும், அப்பா காலத்து ஃபிரெட்டும், தொண்ணூறுகளில் புதுசாக வந்த ‘ஸ்வாட் கேட்ஸ்’ஸும் ஒரே நாளில் ஒன்றாக வந்து நின்றார்கள். எது பழசு, எது புதுசு என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை!

பிறகு அவர்கள் தமிழ் பேசினார்கள். அந்த ஆறு வாய் வடிவங்களை மறக்காதீர்கள். சினிமாவில் ஒரு நடிகரின் உதட்டசைவுக்கு டப்பிங் பேசுவது பெரும் பாடு. ஆறே வாய் உள்ள ஒருவருக்கு ஆங்கிலம் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு தமிழும் பொருந்தும். வாய் திறக்கும்போது ஆரம்பித்து மூடும்போது முடித்துவிட்டால் போதும். நடுவில் குரல் கலைஞருக்கு ராஜாங்கம்தான். கலிபோர்னியாவில் சிக்கனத்துக்காகச் செய்த ஒரு காரியம், சென்னை டப்பிங் தியேட்டரில் சுதந்திரமாக மாறியிருக்கிறது! 2007-இல் சுட்டி டிவி வந்தபோது அந்தச் சுதந்திரம் கொடிகட்டிப் பறந்தது. ‘ஜாக்கி சான்’ கார்ட்டூனுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் ஜாக்கி சான் அல்ல, ஜேம்ஸ் சீ என்ற நடிகர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. தமிழில் கேட்ட குரல்தான் ஜாக்கியின் சொந்தக் குரல் என்று அடித்துச் சொல்வார்கள். அந்தத் தமிழ்க் கலைஞர்களின் பெயரெல்லாம் கதாநாயகன் பெயருக்கு இணையாகத் திரையில் ஓடியிருக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

டோராவை விட்டுவிட முடியுமா? குள்ளநரி திருடக் கூடாது என்று டோராவோடும் அவள் குரங்குத் தோழன் புஜ்ஜியோடும் சேர்ந்து கத்தாத பிள்ளை உண்டா? டோரா ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நம்மையே பார்த்தபடி நிற்பாளே, பெரியவர்களுக்கு எரிச்சலூட்டும் அந்த இடைவெளிதான் அந்தத் தொடரின் உயிர். 2000-இல் நிக்கலோடியனில் அது தொடங்கியபோது, கதைகளைச் சின்னக் குழந்தைகளிடம் முதலில் காட்டி, எங்கே பதில் சொல்கிறார்கள், எங்கே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். அந்த மௌனத்துக்கு டப்பிங்கே வேண்டாம். அதை நிரப்பும் குரலை ஒவ்வொரு வீடும் கொடுத்தது!

இன்னும் சில கதவுகளைத் திறந்து பார்க்காமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

‘ரோட் ரன்னர்’ பறவை ‘மீப் மீப்’ என்று கத்திக்கொண்டு ஓடுமே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பால் ஜூலியன் என்ற ஓவியர். வார்னர் ஸ்டூடியோவில் பின்னணிக் காட்சிகள் வரைந்தவர். பெரிய பெரிய படங்களைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் வரும்போது எதிரே வருகிறவர்கள் தெரியமாட்டார்கள். ‘வழி விடுங்கப்பா’ என்பதற்குப் பதிலாக வாயால் ஹாரன் அடித்துக்கொண்டே போவாராம். அதைக் கேட்டவர்கள் அவரையே மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். 1949-இலிருந்து அந்தப் பறவை அவருடைய ஹாரனோடுதான் ஓடுகிறது.

பக்ஸ் பன்னிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் நிஜமாகவே கேரட்டைக் கடித்தார். ஆப்பிளைக் கடித்துப் பார்த்தார்கள், செலரியைக் கடித்துப் பார்த்தார்கள். கேரட் சத்தம் கேரட்டில்தான் வந்தது! மென்று விழுங்கிவிட்டு அடுத்த வசனம் பேச நேரமில்லை என்பதால் பக்கத்தில் வைத்திருந்த பாத்திரத்தில் துப்பிவிட்டுத் தொடர்வார். 1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் கார் பயங்கர விபத்துக்குள்ளானது. வாரக்கணக்கில் நினைவில்லை. யார் கூப்பிட்டும் அசைவில்லை. ஒருநாள் டாக்டர், “பக்ஸ் பன்னி, எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுப் பார்க்க, படுக்கையிலிருந்து பக்ஸ் பன்னியின் குரலில் பதில் வந்தது! ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரில் பார்னியாகப் பேசியவரும் இவரே. உடம்பு முழுக்க மாவுக்கட்டோடு கிடந்தவரின் கட்டிலைச் சுற்றி மற்ற நடிகர்கள் கூடி நின்று தங்கள் வசனங்களைப் பேச, இவர் படுத்தபடியே பார்னியாகப் பேசினார். அந்தப் பகுதிகளில் பார்னியின் சிரிப்பைக் கேட்டுப் பாருங்கள். வலியின் சுவடு தேடினாலும் கிடைக்காது.

சேட்டைக்காரப் பையன்களுக்குக் குரல் கொடுத்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். பையன்களின் குரல் வயது ஏறினால் உடைந்துவிடும். பெண்ணின் குரல் பல பத்தாண்டு தாங்கும். ‘சிம்ப்சன்ஸ்’ தொடரின் பார்ட், நான்சி கார்ட்ரைட். தங்கை லிசா பாத்திரத்துக்காகக் குரல் தேர்வுக்குப் போனவர், பக்கத்தில் இருந்த பார்ட்டின் விவரத்தைப் படித்துவிட்டு, ‘நான் இதைச் செய்கிறேனே’ என்று கேட்டு வாங்கிக்கொண்டார். 1936-இல் பிறந்த மசாக்கோ நொசாவாதான் ஜப்பானில் அந்நாட்டுக் கார்ட்டூன் நாயகன் கோகுவின் குரல். கோகு மட்டுமா? கோகுவின் இரண்டு மகன்களும் அவரே! ஸ்பாஞ்ச்பாப் சிரிப்பு மட்டும் ஓர் ஆணுடையது. டாம் கென்னி சிரித்துக்கொண்டே விரலால் தொண்டையில் தட்டுவார். இப்போதே முயன்று பாருங்கள், பக்கத்தில் யாராவது இருந்தாலும் பரவாயில்லை!

கடைசியாக ஸ்கூபி டூ. 1969-இல் இந்த நாயை வரைந்த இவாவோ தகமோட்டோ, இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே குடும்பத்தோடு மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர். அங்கே உடனிருந்தவர்களிடம் ஓவியம் பழகினார். ‘கிரேட் டேன்’ வகை நாய் வளர்த்த ஓர் ஊழியரிடம், உயர்ந்த ஜாதி நாய் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதற்கெல்லாம் நேர்மாறாக வரைந்தார்! நேரான கால் என்றால் வளைந்த கால். சின்ன மோவாய் என்றால் பெரிய மோவாய். குரல் டான் மெஸ்ஸிக். ‘ஜெட்சன்ஸ்’ வீட்டு நாய் ஆஸ்ட்ரோவும் அவரே, ‘வாக்கி ரேசஸ்’ஸில் மூச்சிரைக்கச் சிரிக்கும் மட்லியும் அவரே.

ஸ்கூபி தொடரின் குரல் குழுவில் 23 வயது இளைஞர் ஒருவர் இருந்தார், ஃபிராங்க் வெல்கர். அவர் ஆசைப்பட்டது ஸ்கூபியின் தோழன் ஷாகி பாத்திரத்துக்கு. பின்னாளில் வானொலியில் பாட்டு வரிசை நடத்திப் புகழ்பெற்ற கேசி கேசம் ஆசைப்பட்டது அதே தொடரின் ஃபிரெட்டுக்கு (இவர் வேறு ஃபிரெட், கற்காலத்தவர் அல்ல). தயாரிப்பாளர்கள் இருவரையும் இடம் மாற்றிப் போட்டார்கள். கேசம் ஷாகி ஆனார், வெல்கர் ஃபிரெட் ஆனார். அவர் அதோடு நிற்கவில்லை. 2002 முதல் ஸ்கூபியின் குரலும் அவருடையதுதான். மர்ம வேனில் ஃபிரெட் ஒரு கேள்வி கேட்டு ஸ்கூபி ‘ர்ர்’ரென்று இழுத்துப் பதில் சொல்லும்போது, மைக் முன்னால் நின்று தன்னோடு தானே பேசிக்கொண்டிருப்பது அதே வெல்கர்தான்!