கணக்குச் சிட்டையிற் கதிர்வீச்சு

வைத்தியசாலையின் கணக்குச் சிட்டை பணத்தைப் பற்றியே பேசும் என்பது பொதுவான எண்ணம். ஐக்கிய அமெரிக்காவிலோ, ஒரு சதமேனும் பெறாத சில குறியீடுகளும் அச்சிட்டையில் இடம்பெறுவதுண்டு. எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்பொழுது நோயாளரின் உடலிற் பாயுங் கதிர்வீச்சைக் குறைக்க முயன்றனரா, முயன்றதை அறிக்கையில் எழுதினரா என்பவற்றைத் தெரிவிப்பனவாக அவற்றுட் சில அமைந்தன. கணக்கரின் ஏட்டுக்கும் பௌதிகவியலுக்கும் இத்தொடர்பு உண்டான வரலாறு ஆராயத்தக்கது.

1895ஆம் ஆண்டில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின், சில காலத்துள்ளேயே அதனாற் தோல் வெந்து புண்ணாதலும் அறியப்பட்டது. ஆயினும் சாதாரண நெஞ்சுப் படமொன்றினால் உடல் பெறுங் கதிர்வீச்சு மிகச் சிறிது; ஒரு மில்லிசீவேட்டிற் பத்திலொரு பங்குக்கு மேற்படாது. 1971இல் ஹவுன்ஸ்பீல்ட் என்பார் இலண்டனில் முதன்முதலாக நோயாளர் ஒருவரின் மூளையைப் படமெடுத்த சி.ரி. முறை இந்நிலையை மாற்றிற்று. உடலைத் தகடு தகடாக அரிந்ததுபோற் காட்டும் இம்முறையிற் கதிர்க்குழாய் உடலைச் சுற்றிச் சுழன்று எண்ணிறந்த கோணங்களிற் கதிரைச் செலுத்தும். ஆதலின் வயிற்றுப் பகுதியின் சி.ரி. சோதனையொன்றில் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவேட்டு உடலிற் சேரும். நிலமும் வானமும் உணவும் மனிதனுக்கு இயற்கையாய்த் தருங் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டொன்றுக்கு 2.4 மில்லிசீவேட்டேயாம். அமெரிக்கரொருவர் வைத்தியத்தின் பொருட்டு ஆண்டுதோறும் பெற்ற சராசரிக் கதிர்வீச்சு 1980களின் தொடக்கத்தில் 0.53 மில்லிசீவேட்டாயிருந்து, 2006இல் 3.0 ஆக உயர்ந்தது. அவ்வுயர்ந்த தொகையிற் பாதியளவு சி.ரி. இயந்திரத்தால் வந்தது.

நிற்க. இவ்வெண்களைக் கண்டு சி.ரி. சோதனையையே வெறுப்பது அறிவுடைமையன்று. மூளையிற் குருதி கசிந்தவரையும் வயிற்றினுள் உறுப்புச் சிதைந்தவரையும் அது நாள்தோறுங் காப்பாற்றுகின்றது. தேவைக்கு மேற் கதிர் செலுத்தலாகாது என்பதே அறிஞர் வேண்டுவது.

தேவைக்கு மேற் செலுத்தினால் யாது நிகழும் என்பதை 2009ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து வந்த செய்தி காட்டிற்று. அங்குள்ள பெரிய வைத்தியசாலையொன்றிற் பக்கவாதத்தை ஆராயும்பொருட்டு மூளையின் குருதியோட்டம் படமெடுக்கப்பட்டது. இவ்வகைச் சோதனையில் ஒரே தளம் மீண்டும் மீண்டும் படமெடுக்கப்படுதலாற் கதிர்வீச்சு இயல்பாகவே மிகுதி. தலைக்கு உயர்ந்தபட்சம் 0.5 கிறே செல்லவேண்டிய இடத்தில் 3 முதல் 4 கிறே சென்றது. பதினெட்டு மாதங்களாக இத்தவறு தொடர்ந்ததெனவும், 206 பேர் இதற்கு உட்பட்டனரெனவும் முதலில் அறிவிக்கப்பட்டது. நோயாளர் சிலரின் தலைமயிர் உதிர்ந்த பின்னரே உண்மை புலனாயிற்று. இயந்திரத்தின் திரையிற் கதிர்வீச்சின் அளவு எண்ணாகத் தோன்றியேயிருந்தது. அதனைப் பார்த்துப் பொருளுணர்ந்தவர் இலர்.

இதன்பின் கலிபோர்ணியா மாநிலம் 2010இற் சட்டமொன்றை இயற்றி, சி.ரி. சோதனையின் கதிர்வீச்சளவு நோயாளரின் அறிக்கையிற் பதியப்படல்வேண்டும் என விதித்தது. அது 2012ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் உரிய மைய அரசு வேறொரு வழியை நாடிற்று. அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கான மெடிக்கெயார் காப்புறுதியை நடத்துவது அவ்வரசே. அக்காப்புறுதிக்கு வைத்தியர்கள் அனுப்புஞ் சிட்டையில் ஒவ்வொரு சிகிச்சையும் ஐந்திலக்கக் குறியீட்டாற் குறிக்கப்படும். இக்குறியீட்டு முறையை அமெரிக்க வைத்தியச் சங்கம் 1966இல் வெளியிட்டது. ஊர்தோறும் வைத்தியரிடமிருந்து அரசுக்குத் தவறாது சென்றுசேருந் தாள் வேறின்மையாற் சிகிச்சையின் தரத்தைப் பற்றிய செய்தியும் அதிலேயே ஏற்றப்பட்டது. பரிசோதகரை ஊரூராய் அனுப்புவதினும் இஃது எளிது.

இங்ஙனம் எழுந்தவற்றுள் ‘6045 எப்’ என்பது, கதிர்த்திரையிற் பார்த்தவாறே செய்யப்படுஞ் சிகிச்சையிற் கதிரின் அளவோ நேரமோ எழுதப்பட்டது எனக் கூறுவது. ‘ஜி 9637’ என்பது சி.ரி. அறிக்கையிற் கதிர்வீச்சுக் குறைப்பு முறைகளுள் ஒன்றேனும் பதியப்பட்டது என்றும், ‘ஜி 9638’ பதியப்படவில்லை என்றும் பொருள்படும். இவற்றுக்கெதிரே தொகை சுழியமாகவே எழுதப்பட்டது. சுழியத்தை ஏற்க மறுக்குங் கணனிகளுக்காக ஒரு சதம் எழுதவும் இடமளிக்கப்பட்டமை சுவையான செய்தி.

அக்குறியீடு எடுத்துக்காட்டிய முறைகள் மூன்று. உடலின் தடிப்பை இயந்திரமே உணர்ந்து, தோட்பகுதியில் மின்னோட்டத்தைக் கூட்டியும் நெஞ்சிற் குறைத்தும் தானே இயங்குதல் முதலாவது. நோயாளரின் பருமனுக்கேற்ப மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் தொழில்நுட்பவியலாளர் தெரிதல் இரண்டாவது. மின்னோட்டத்தைப் பாதியாக்கினாற் கதிர்வீச்சும் பாதியாகும். மெலிந்த சிறுவனுக்கும் பருத்த முதியவருக்கும் ஒரே அளவைக் கொடுப்பது பொருந்தாது என்பது இதனாற் தெளிவாம். மூன்றாவது கணிதத்தைச் சார்ந்தது. கதிர் குறைந்தவிடத்துப் படத்தில் மணல் தூவியதுபோன்ற மங்கல் தோன்றும். பெற்ற அளவீடுகளோடு படத்தைத் திரும்பத்திரும்ப ஒப்பிட்டுத் திருத்தி, அம்மங்கலைக் கணனி நீக்கும்.

குறை எங்குளது எனின், முறை எழுதப்பட்டதா என்று கேட்ட அக்குறியீடு, கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்கவில்லை. எல்லா அறிக்கைகளின் அடியிலும் ஒரே வாக்கியத்தைக் கணனி தானே பொறிக்குமாறு அமைத்துவிடின் ‘ஜி 9637’ எளிதிற் கிட்டும். லொஸ் ஏஞ்சலிஸ் நிகழ்ச்சியோ இன்னும் ஆழமான பாடத்தையுடையது. கதிரைக் குறைக்கும் என்று நம்பி அங்கு இயக்கப்பட்டது மேற்கூறிய முதலாம் முறையே. மிகத் தெளிவான படம் வேண்டுமென அமைக்கப்பட்டிருந்தமையால், அத்தானியங்கி மின்னோட்டத்தை உயர்த்திற்று எனப் பின்னர் வெளிவந்த செய்திகள் கூறின. அச்சோதனைகளுக்கும் அக்காலத்தில் அக்குறியீடு இருந்திருப்பின், உண்மைக்கு மாறின்றியே ‘ஜி 9637’ எழுதியிருக்கலாம்!

பணத்தையே தொட்ட குறியீடும் ஒன்றுண்டு. 2014ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, தானியங்கிக் கட்டுப்பாடு, அளவு மிஞ்சுமுன் எச்சரித்தல், கதிரளவைப் பதிந்து அனுப்புதல், சிறுவருக்கும் வளர்ந்தோருக்கும் உரிய மாதிரி அமைப்புகள் என்பன அற்ற பழைய இயந்திரத்தில் எடுக்கப்பட்ட படத்துக்கு ‘சி.ரி.’ என்னும் ஈரெழுத்தைச் சிட்டையிற் சேர்த்தல்வேண்டும். சேர்த்தால் இயந்திரப் பகுதிக்குரிய கட்டணத்தில் 2016இல் நூற்றுக்கு 5 வீதமும், 2017முதல் 15 வீதமும் வெட்டப்படும். பழைய இயந்திரங்களை அகற்ற இது நல்ல தூண்டுகோல். எனினும் நல்ல இயந்திரத்தைத் தவறாக இயக்குவாரை அவ்வீரெழுத்து அறியாது.

2023இல் மெடிக்கெயார் ஏற்றுக்கொண்ட புதிய அளவையொன்று வாக்கியத்தை விட்டு எண்ணை நாடுகின்றது. இயந்திரம் பதிந்த கதிரளவையும் நோயாளரின் பருமனையும் கணனி நேரே எடுத்து, அவ்வகைச் சோதனைக்கு வகுத்த எல்லையோடு ஒப்பிடும். படம் மங்கிப் பயனற்றுப்போயிற்றா என்பதையும் அது உடன் நோக்கும். கதிரை அளவுக்கு மீறிக் குறைத்து நோயைக் காணத் தவறுவதும் நோயாளருக்குக் கேடேயாதலின், மிகையுங் குறையும் ஒரே அளவையில் வைக்கப்பட்டன.