வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் பீன்ஸ்
(கார்த்திகையில் விதைத்துத் தையில் பறிக்கும் முறை)

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் வெயில் மிகுதி என்பதும், அவ்வெயிலே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஆதாரமாயிற்று என்பதும் யாவரும் அறிந்த விஷயம். 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சி சிவகாசியில் வேரூன்றியதற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். ஆயினும், அவ்வெயில் மறைந்திருக்கும் காலமும் ஆண்டில் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்கிறது. மழை நாளில் மருந்து காயாது. தீபாவளிக்குப் பின்னர் பட்டாசு ஆலைகள் பல சில வாரங்கள் மூடியிருப்பதும் வழக்கம். கூலி குறையும் அந்நாட்களில் குடும்பங்களில் முதலாவதாகச் சுருங்குவது காய்கறிச் செலவேயாகும்.

கூலி குறையும் அப்பருவத்தில்தான் வானம் நமக்கு நீரை வழங்குகிறது. இவ்வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 800 மில்லிமீட்டர் மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தைச் சேர்ந்தது. ஆகையால், வீட்டின் பின்புறத்தில் 15 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி இருந்தாலும், அப்பருவத்தில் சிறிது காய் விளைவித்துக் கொள்ளலாம். அதற்கேற்ற பயிர்களில் ஒன்றாகிய மஞ்சள் பீன்ஸைக் குறித்து இங்கு எழுதுகிறோம்.

பயிரின் இயல்பு

பீன்ஸின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நம் நாட்டில் கொடைக்கானல், நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் அது மிகுதியாய் விளைகிறது. அதில் கொடியாய்ப் படர்வதும் உண்டு. முழங்கால் உயரத்தில் செடியாய் நிற்பதும் உண்டு. பந்தலும் கொம்பும் வேண்டாத செடி வகையே சிறு தோட்டத்திற்கு உகந்தது. மஞ்சள் பீன்ஸ் தனிப் பயிரன்று. காயின் தோலில் பச்சையம் மிகக் குறைந்திருப்பதால் அது பொன்னிறமாய்த் தோன்றுகிறதேயன்றி மற்றைக் குணங்களில் பச்சை பீன்ஸைப் போன்றதே.

மஞ்சள் நிறங்கண்டு காய் முற்றிவிட்டதென்று மயங்கலாகாது. இளங்காயே மஞ்சளாயிருக்கும். இதனைப் பழக்கமில்லாதவர் சந்தையில் வாங்கத் தயங்கக்கூடுமாதலால், முதலில் வீட்டு உபயோகத்திற்காகவே பயிரிடுவது நலம். பச்சை இலைகளுக்கிடையே காய் தெளிவாய்ப் புலப்படுவதனால், குழந்தைகளுங்கூட ஒன்றும் விடாமல் பறித்துவிடலாம்.

பருவம்

பூக்கும் காலத்தில் வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடை நன்கு கடந்துவிட்டால் பூ உதிர்ந்து போகும். மாசி, பங்குனியில் இங்கு பீன்ஸ் பயிரிட்டுத் தோல்வியுறுவோர் விதையைக் குறை கூறுவர். குற்றம் விதையினுடையதன்று, பருவத்தினுடையது. கார்த்திகை முதல் வாரத்தில் விதைத்தால், மார்கழிக் குளிரில் பூத்து, பொங்கலையொட்டிக் காய் பறிப்புக்கு வரும். இந்த ஒரு வாய்ப்பைத் தவறவிடலாகாது. பிற்பகல் வெயில் நேரே படாதபடி வேலியோ, சுவரோ, முருங்கை மரமோ மேற்கே இருப்பின் இன்னும் நன்று.

நிலமும் நீரும்

கரிசல் மண் மழையில் நீரைத் தேக்கிக்கொள்ளும். தேங்கிய நீரில் பீன்ஸ் வேர் அழுகிவிடும். ஆகவே பாத்தியை அரை அடி உயர்த்தி, நன்கு மக்கிய தொழுவுரம் மூன்று கூடை கலந்து, சிறிது மணலும் சேர்க்கவேண்டும். செம்மண் நிலத்தில் உரம் மட்டும் போதுமானது. யூரியாவை மிகுதியாய் இடுவதால் இலை தழைக்குமேயன்றிக் காய் பெருகாது.

நீரைப்பற்றி ஓர் எச்சரிக்கை. காய்கறிகளில் உப்பைச் சற்றும் பொறாதவற்றுள் பீன்ஸ் ஒன்று. கிணற்று நீர் வாயில் வைத்தால் கரிக்குமாயின், அதனைப் பாய்ச்சிய சில நாட்களில் இலையோரம் கருகக் காணலாம். அத்தகைய வீடுகளில் கூரை நீரைத் தொட்டியில் பிடித்து வைத்துப் பாய்ச்சுவது ஒரு வழி. அதுவும் இயலாதாயின், பீன்ஸை விடுத்துச் சீனி அவரையை விதைப்பதே விவேகம். அது உவரையும் வெயிலையும் தாங்கி, கொம்பின்றி நிமிர்ந்து நின்று கொத்துக்கொத்தாய்க் காய்க்கும். மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட மதுரை 1 என்னும் சீனி அவரை ரகம் நம் அண்டைப் பகுதியிலேயே தோன்றியது.

பட்டாசு வேலை செய்யும் குடும்பத்தார் மற்றொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். ஆலையில் கூட்டிய குப்பையையும், மருந்து சிந்திய மண்ணையும், கழிவுக் காகிதக் குழாய்களையும் தோட்டத்தில் இடலாகாது. மருந்துப்பொருள் இருந்த டிரம்மில் பாசன நீர் பிடிக்கலாகாது. அவற்றிலுள்ள உப்புகள் செடியைக் கெடுப்பதோடு, செடியின் வழியே உணவிலும் சேரக்கூடும்.

விதைத்தல்

ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை பிடித்து, அரை அடிக்கு ஒரு குழியாக, ஓர் அங்குல ஆழத்தில் இவ்விரண்டு விதைகள் ஊன்றுக. விதையை நீரில் நெடுநேரம் ஊறவைத்தால் அது வெடித்து அழுகும். ஈரமண்ணில் நேரே ஊன்றுவதே சரி. ஒரு வாரம் பத்து நாளில் முளைத்தபின் குழிக்கு ஒரு செடியாக நிறுத்தினால் 60 செடிகள் நிற்கும். வேர் மேலாக ஓடுவதால் ஆழக் கொத்தாமல் களையைக் கையால் பறித்து, அடியில் சருகு பரப்பவேண்டும். நீரைத் தழைமேல் ஊற்றாமல் அடியில் விடுக. அசுவினி கண்டால், ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் இடித்து ஊறவைத்து வடித்த வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம்.

பறித்தல்

பயிரின் பலன் பறிப்பவர் கையில்தான் இருக்கிறது. விதைத்த 50 முதல் 60 நாளில் முதற்காய் வரும். காயை வளைத்தால் 'படக்'கென்று ஒடியவேண்டும்; உள்ளே விதை புடைத்திருக்கலாகாது. இதுவே பக்குவம். இரண்டு நாளைக்கொருமுறை தவறாமல் பறிக்கவேண்டும். விதை முற்றத் தொடங்கினால் தன் வேலை முடிந்ததெனச் செடி பூப்பதை நிறுத்திவிடும். பறிக்கப் பறிக்க மேலும் பூக்கும். நான்கு காய்களைச் செடியில் முற்றவிட்டால், இனி வரவேண்டிய பல காய்களை நாமே தடுத்தவராவோம்.

பனி உலர்ந்தபின் பறிக்கவேண்டும். ஈரத்தழையைத் தொட்டால் துரு நோயும் கருகலும் கைவழியே செடிக்குச் செடி பரவும். ஒரு கையால் தண்டைப் பிடித்து, மறு கையால் காயைக் கிள்ளுக. இழுத்தால் வேர் அசையும். நன்கு பேணினால், ஒரு மாதத்தில் நாலைந்து கிலோ கிடைக்கும். பீன்ஸைப் பச்சையாய் உண்ணலாகாது, வேகவைத்தே உண்ணவேண்டும். காய்ப்பு ஓய்ந்தபின் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே மக்க விடுக.

சங்கம் செய்யத்தக்கது

1904-ம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய நம் கூட்டுறவு இயக்கம் கடனுக்கு மட்டும் உரியதன்று. 60 குழிகளுக்கு ஏறத்தாழ 40 கிராம் விதை போதும். சங்கம் ஒரு கிலோ விதை வாங்கினால் 25 வீடுகளுக்குப் பகிரலாம். பீன்ஸ் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதாதலால், எடுத்த விதை பெரும்பாலும் மாறாது முளைக்கும். ஒவ்வோர் அங்கத்தினரும் நோயற்ற பத்துச் செடிகளைப் பறிக்காமல் விட்டு, காய் செடியிலேயே காய்ந்தபின் விதையெடுத்து, பல்லால் கடித்துத் தடம் பதியாத அளவு உலர்த்தி, 80 கிராம் சங்கத்திற்குத் திருப்பித் தருவாராயின், அடுத்த கார்த்திகையில் 50 வீடுகளுக்கு விதை உண்டு. இக்கடனுக்கு அசலும் வட்டியும் விதையேயாகும். ஆலைக்கதவு மூடியிருக்கும் நாட்களிலேயே பாத்தியை வெட்டத் தொடங்குவோர் தைப்பொங்கலன்று தம் வீட்டுக் காயையே சமைக்கலாம்.