குழலின் அகம் காட்டும் கருவி

படைப்பயிற்சி பெறும் மாணவர் ரைபிள் துப்பாக்கியைத் துலக்கும் முறை நம்முட் பலரும் அறிந்ததே. ஒரு நுனியிற் பித்தளைக் குண்டு கோத்த கயிற்றின் மறுநுனியில் ‘சிந்தி’ என்னும் துணித்துண்டைச் செருகி, குழலின் பின்வாயினின்றும் முன்வாய்க்கு இழுத்தெடுப்பர். துணி கரிபடிந்து வரின் மீண்டும் இழுப்பர். வெண்மையாய் வரின் குழல் தூயதாயிற்றெனக் கொள்வர். யாமும் அங்ஙனமே கொண்டிருந்தோம். குறிசுடுதலிற் பழகிய நண்பரொருவர் தம் துப்பாக்கிக் குழலினுள் ஒரு கருவியைச் செலுத்திக் காட்டிய அன்றுதான் அந்நம்பிக்கை குலைந்தது. துணி பழுதின்றி வெளுத்து வந்த அதே குழலின் அடியிற் கரி கல்லென இறுகி, வளையமாய்ப் படிந்து கிடந்தது.

அக்கருவியின் பெயர் போர்ஸ்கோப். முதலசையைக் கேட்டுப் போர்க்களத்துக் கருவி போலும் என்று தமிழர் மயங்குதல் வேண்டா. ஆங்கிலத்தில் அச்சொல் துளையையே குறிக்கும். குழல்நோக்கி என யாம் வழங்குவோம். இனி, மிஷன் கல்லூரியின் மலரில் துப்பாக்கிக்கு என்ன வேலை எனச் சிலர் முகஞ் சுளித்தலும் கூடும். ஈண்டு யாம் கருதுவது குறிசுடும் விளையாட்டையே. 2024-ஆம் ஆண்டிற் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் நம் நாட்டினராகிய ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றமை நண்பர்கள் அறிவர். அப்போட்டிக்குரிய துப்பாக்கியின் குழல்துளை 5.6 மில்லிமீட்டரே, சுண்டுவிரலும் நுழையாது.

இத்துணைக் குறுகிய துளைக்குட் பார்வையை எங்ஙனம் செலுத்துவது? வழி காட்டியவர் மருத்துவரே. 1806-இல் ஜெர்மானிய மருத்துவர் பிலிப் போட்ஸினி, மெழுகுவத்தியின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உடலின் உள்ளறைகளைக் காணுங் கருவியொன்றை அமைத்தார். 1959-இல் ஆங்கில அறிஞர் ஹெரால்டு ஹாப்கின்ஸ், சிறுவில்லைகளுக்கு இடையே காற்று நிரம்பிய பழைய அமைப்பை மாற்றி, நீண்ட கண்ணாடிக் கோல்களையே வில்லைகளாக்கினார்; படம் முன்னினும் ஒளி மிக்கதாயிற்று. இற்றைநாளில் நுண்ணிய காமிராவும் விளக்கும் கோலின் நுனியிலேயே அமைய, காட்சி கைப்பேசித் திரையில் விரிகின்றது. நுனியில் நாற்பத்தைந்து பாகை சாய்ந்த ஆடியொன்று உண்டு. அஃதின்றேல் நேரெதிரேயுள்ள இருளைக் காண்போமேயன்றிக் குழலின் சுவரைக் காணோம்.

ரைபிளின் உட்சுவர் வழவழப்பானதன்று. அதில் திருகுபோற் சுற்றிச் செல்லும் பள்ளங்களும் அவற்றிடையே மேடுகளும் உள. இவையே குண்டைச் சுழலச் செய்து நெறிபிறழாது செலுத்துவன. பழைய லீ-என்பீல்டு ரைபிளில் ஐந்து பள்ளங்கள் இடப்புறமாகத் திரும்பி, பத்தங்குலத்திற்கு ஒரு சுற்றாகச் செல்லும். அதற்கு முற்பட்டதும் 1888-இல் ஏற்கப்பட்டதுமான லீ-மெட்போர்டில் அவை ஆழமற்றனவாய் இருந்தமையின், புதிதாய் வந்த கார்டைட் மருந்தின் கடுஞ்சூட்டில் விரைவில் தேய்ந்தொழிந்தன. 1895-இல் என்பீல்டு அமைப்பு வந்ததற்குக் காரணம் இதுவே.

நோக்கத் தொடங்குமுன் துப்பாக்கியில் தோட்டா இல்லையென்பதை இருமுறை தேர்ந்து, தாழ்க்கட்டையைக் கழற்றிவிடல் வேண்டும். குழலை ஒருமுறையேனும் துடைத்த பின்னரே கோலைச் செலுத்துக. இன்றேல் ஆடியிற் புகைக்கரி அப்பிக்கொள்ளும். முதலில் தோட்டா அமரும் அறை. அடுத்து அவ்வறை முடிந்து பள்ளங்கள் தொடங்கும் தொண்டை. பெருந்துப்பாக்கிகளில் இங்கே, கோடையில் வற்றிய ஏரியின் தரைபோல் எஃகு வெடித்துக் காணப்படும். வெப்பத்தின் வேலை அது. எத்துணைத் தேய்ப்பினும் போகாது. செம்புறை பூண்ட குண்டு சென்ற வழியில் மேடுகளின்மேற் செந்நிறக் கீற்றுகள் தோன்றும். கரியோ கருமையாய் மங்கித் தோன்றும். முன்வாயின் விளிம்பையும் மறவாது நோக்குக. அவ்விளிம்பிற் சிறு வடுவிருப்பினும் குண்டு வழி விலகும்.

எவ்வழுக்கு எஃதென அறிந்த பின்னரே மருந்து. செம்பைக் கரைப்பது அம்மோனியா கலந்த நீர்மம். துணி நீலமாய் வருமாயின் செம்பு கரைகின்றதென அறியலாம். ஆயினும் துணியைத் தாங்குங் கோல்முனை பித்தளையாயின் அதுவுங் கரைந்து நீலங் காட்டும். செம்பற்ற குழலை நாள் முழுதும் தேய்த்துச் சலித்தாரும் உளர்! இறுகிய கரிக்கு வேறு நீர்மம் இட்டு, ஊற வைத்து, வெண்கலத் தூரிகையாற் பின்வாயினின்றே தேய்த்தல் முறை.

பண்டைப் படைவீரர் குழலிற் கொதிநீர் வார்த்ததைக் கேட்டு நகைப்பாருண்டு. அக்காலத்துத் தோட்டாவின் பற்றுமருந்து பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவை விளைக்கும். எண்ணெயில் அது கரையாது, நீரிற் கரையும். எண்ணெய் பூசியும் உள்ளே துரு பிடித்த குழல்கள் பல. அன்று குழல்நோக்கி கையில் இருந்திருப்பின் எத்துணைத் துப்பாக்கிகள் பிழைத்திருக்குமோ!

இக்கருவியாற் கேடும் உண்டு. சிற்றணுவையும் மலையாகக் காட்டுவது அதன் இயல்பு. உளி விட்ட மெல்லிய கீறலும் திரையிற் பெரும் பள்ளமாய்த் தோன்ற, உடையவர் அஞ்சி, அரம்போன்ற பசையிட்டுத் தேய்த்து, நல்ல குழலையே கெடுத்துவிடுவர். பார்வைக்குப் பொல்லாத குழல் குறியைத் தவறாது அடித்தலும், கண்ணாடிபோல் மின்னுவது சிதறடித்தலும் குறிசுடுவோர் பலரும் கண்டவை. ஆகலின் இலக்குத்தாளைப் பார்த்த பின்னரே திரையைப் பார்த்தல் நன்று என்பது எம் கருத்து. குழல் புதிதாயிருக்கையில் எடுத்த படமொன்றைக் காத்துவைப்பின், பின்னர்க் கண்ட மாற்றம் எதுவென ஒப்பிட்டறியலாம்.

நண்பரின் குழலிற் கண்ட கரிவளையம் ஒருநாளிற் போகவில்லை. நீர்மமிட்டுக் காத்திருந்து தேய்த்து நோக்கியபோது பாதி குறைந்திருந்தது. மூன்றாம் முறையில் எஃகு வெளிப்பட்டது. அதனடியில் வட்டமாய் மெல்லிய கோடொன்று தோன்றவே யாம் திடுக்கிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, தொழிற்சாலையில் அறையைக் கடைந்தபோது விழுந்த கோடு அது, அப்படியே இருக்கட்டும் என்று கூறி, எண்ணெய்த் துணியொன்றை ஓட்டிக் குழலை மூடிவைத்தார்.